முதல் வாய்க்கால், முதல் சான்றிதழ்



அரசு ஒரு அறிவிப்பை வெளியிட ஒரு நாள் போதும். காலையில் ஆணை வரும், மாலையில் செய்திக்குறிப்பு போகும், மறுநாள் நாளிதழ்களில் வந்துவிடும். செய்தித் துறையில் அப்படிப்பட்ட குறிப்புகளை எழுதுவதுதான் என் வேலை. ஆனால் அந்த அறிவிப்பில் சொன்னது ஒரு ஊரின் பழக்கமாக மாற எவ்வளவு காலம் ஆகும்? சில ஊரில் ஆறு மாதம், சில ஊரில் இருபது வருடம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஒரே தாலுகாதான், ஒரே படிவம்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்கப் போகிறேன். எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள கடற்கரையே நிறையச் சொல்லித் தருகிறது.

நேர்கோடும் சுழலும்

முதலில் ஒரு சின்ன விஷயம். ஒரு ஊருக்கு டவுன் பஸ் வருகிறது. கூட்டம் குறைவு என்று இரண்டு நடையை ஒரு நடையாகக் குறைக்கிறார்கள். அந்த ஒரு நடையை நம்பி வேலைக்குப் போக முடியாது என்று ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோவுக்கும் இரு சக்கர வண்டிக்கும் மாறுகிறார்கள். பஸ்ஸில் கூட்டம் இன்னும் குறைகிறது. கடைசியில் அந்த ஒரு நடையும் நின்றுபோகிறது.

இதில் யார் மேல் தப்பு? "ஆள் ஏறல, அதான் நிறுத்தினோம்" என்பார்கள் ஒரு பக்கம். "பஸ் வரல, அதான் ஏறல" என்பார்கள் மறுபக்கம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஏனென்றால் இங்கே காரணமும் விளைவும் நேர்கோட்டில் இல்லை. விளைவு திரும்பி வந்து காரணத்தையே தள்ளுகிறது. இதைச் சுழல் என்று வைத்துக்கொள்வோம்.

இப்படிச் சுழலாகப் பார்க்கும் முறைக்கு அமைப்புச் சிந்தனை என்று பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜே ஃபாரெஸ்டர் 1950களில் இதற்கு அடித்தளம் போட்டார். அவர் வழி வந்த டொனெல்லா மெடோஸ் அதை எல்லோருக்கும் புரியும்படி எழுதினார். ஒரு அமைப்பை மாற்ற எங்கெல்லாம் கை வைக்கலாம் என்று அவர் 12 இடங்களை வரிசைப்படுத்தினார். அதில் பலன் மிகக் குறைவான இடம் எது தெரியுமா? எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும். நாம் எல்லோரும் முதலில் போய்க் கை வைக்கும் இடம் அதுதான்! தகவல் யாருக்குப் போய்ச் சேருகிறது, விதிகள் யாருக்குச் சாதகமாக இருக்கின்றன, அமைப்பின் நோக்கம் என்ன, நம் மனதில் ஊறிய எண்ணம் என்ன என்பவை எல்லாம் அதைவிடப் பலமான இடங்கள் என்றார் அவர்.

சொல்லக் கேட்கும்போது இது புத்தகப் பேச்சு மாதிரி இருக்கும். பிச்சாவரத்துக்கு வாங்க, கண்ணால் பார்க்கலாம்.

பிச்சாவரத்தில் செத்துக்கொண்டிருந்த கன்றுகள்

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம், அலையாத்திக் காட்டில் வளரும் மரம். ஊருக்கே பெயர் கொடுத்த அந்தக் காட்டின் மிச்சம்தான் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரம். 2022இல் அதற்கு ராம்சார் ஈரநிலம் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. அலையை ஆற்றும் காடு, அலையாத்தி. நம் முன்னோர் வைத்த பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

இந்தக் காடு 1980களில் பெரிய அளவில் வெறும் திட்டாகக் கிடந்தது. ஆடு மாடு மேய்கிறது, ஜனங்கள் விறகு வெட்டுகிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்பது அப்போது பலருடைய எண்ணம். அப்படி நினைத்தால் தீர்வும் நேர்கோட்டில்தான் வரும்: ஆட்களைத் தடு, கன்று நடு.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களில் அங்கே வேலை தொடங்கியபோது மண்ணைக் கூர்ந்து பார்த்தார்கள். கதை வேறாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு, இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்து மொத்தமாக வெட்டும் வழக்கம் இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரடியாக மண்ணில் விழுந்தது. ஈரம் வற்றியதும் மண் தாழ்ந்து தொட்டி போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல் தண்ணீர், வற்றும்போது வெளியே போக வழியில்லாமல் அந்தக் குழியிலேயே தங்கியது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் நின்றது. உப்பு ஏறிய மண்ணில் கன்று பிழைக்காது. கன்று பிழைக்காவிட்டால் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் இன்னும் வெயில், இன்னும் உப்பு.

பஸ் கதையில் பார்த்த அதே சுழல்தான் இது. இதற்குள் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் அந்தச் சுழல் தின்றுவிடும்.

அவர்கள் கை வைத்த இடம் தண்ணீர். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளை வாய்க்கால்கள். மேலேயிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். அதை இயற்கையான கழியோடு இணைத்தார்கள். ஓதத் தண்ணீர் உள்ளே வந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே போனது. அதற்குப் பிறகு நட்ட கன்று பிழைத்தது. பிழைத்த கன்று நிழல் தந்தது, நிழல் ஈரத்தைக் காத்தது, ஈரம் அடுத்த கன்றைக் காத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. சுழலை யாரும் அழிக்கவில்லை. அதே சுழல்தான் இப்போதும் ஓடுகிறது, ஆனால் எதிர்த்திசையில். முன்பு காட்டைத் தின்ற சுழல், இப்போது காட்டை வளர்க்கிறது. சமூக மாற்றத்தின் ரகசியமும் எனக்குத் தெரிந்தவரை இதுதான்.

சான்றிதழும் ஒரு உப்புக் குழிதான்

அதே பிச்சாவரம் பகுதியில் இருளர் மக்கள் வாழ்கிறார்கள். கழியில் இறங்கி, கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிக்கத் தெரிந்தவர்கள். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஆறு சமூகங்கள் பண்டைய பழங்குடிகள் பட்டியலில் உள்ளன. அரசின் தனிக் கவனம் கிடைக்க வேண்டிய பிரிவு இது.

ஆனால் அந்தக் கவனம் கைக்கு வந்து சேர ஒரு காகிதம் வேண்டும். அதுதான் சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் விசாரித்துத் தர வேண்டும். போலிச் சான்றிதழ் வாங்கி உரிமையைத் திருடுகிறவர்களைத் தடுக்க வைத்த கவனம் அது. அந்தக் கவனம் தேவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வடிகட்டி, உண்மையான இருளர் குடும்பத்தையும் வெளியே நிறுத்திவிட முடியும். எப்படி?

விசாரணையில் வழக்கமாகக் கேட்கப்படுவது இவை: அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கா? கூடப்பிறந்தவங்களுக்கு இருக்கா? பள்ளி மாற்றுச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கு? நியாயமான கேள்விகள்தான். ஆனால் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போகாத குடும்பத்தில் மாற்றுச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அப்பாவுக்கே சான்றிதழ் இல்லாதபோது பிள்ளைக்கு எதைக் காட்டுவது? சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகையும் விடுதியும் எட்டாமல் போகும். அவை இல்லாமல் பத்தாம் வகுப்பைத் தாண்டுவது கஷ்டம். படித்த பிள்ளை இல்லாத குடியிருப்பில் படிவம் நிரப்ப ஆளில்லை. படிவம் நிரப்ப ஆளில்லாவிட்டால் சான்றிதழ் இல்லை.

உப்புக் குழி மாதிரியே இருக்கிறது, இல்லையா? இதற்குள் போய் எத்தனை விழிப்புணர்வுப் பலகை வைத்தாலும், "பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும், அது குழியில் நட்ட கன்றுதான்.

இப்போது திருப்பிப் பாருங்கள். ஒரு வருவாய்க் கோட்டத்தில் ஒரு அதிகாரி, காகிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் குடியிருப்புக்கே நேரில் போகிறார். பெரியவர்களிடம் பேசுகிறார். உறவுமுறை, தொழில், வழிபாடு எல்லாம் கேட்டு விசாரிக்கிறார். ஒரு குடும்பத்துக்கு முதல் சான்றிதழ் கிடைக்கிறது. அந்த ஒரு காகிதம் என்ன செய்யும்? அண்ணன் சான்றிதழ் தங்கைக்கு ஆதாரமாகும். அப்பா சான்றிதழ் பிள்ளைக்கு ஆதாரமாகும். சித்தப்பா வீட்டுப் பிள்ளைக்கு உறவுமுறை ஆதாரமாகும். முன்பு "உங்க வீட்டில் யாருக்கும் இல்லையே" என்று தடுத்த அதே கேள்வி, இப்போது "உங்க வீட்டில் இருக்கே" என்று வழி திறக்கிறது. விதி மாறவில்லை, சுழலின் திசை மாறியது.

முதல் சான்றிதழ்தான் முதல் வாய்க்கால். அதனால் ஒரு குடியிருப்பில் ஒருவருக்குக் கூடச் சான்றிதழ் இல்லை என்றால், அந்த முதல் விண்ணப்பத்தை நூறில் ஒன்றாக எண்ணக் கூடாது. அதன் பின்னால் ஒரு குடியிருப்பே நிற்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா

சரி, ஒரு இடத்தில் சுழல் திரும்பிவிட்டது. அது அடுத்த ஊருக்கு எப்படிப் போகிறது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை வந்தபோது, விவசாயிகள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று ரயன், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943இல் எழுதினார்கள். விதையைப் பற்றிப் பெரும்பாலோருக்கு முதலில் சொன்னது விதை கம்பெனி ஆட்கள். ஆனால் "சரி, நானும் போடுறேன்" என்று முடிவெடுக்க வைத்தது பக்கத்து வயல்காரர். எவரெட் ரோஜர்ஸ் 1962இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்துக்கும் இந்த ஆய்வு ஒரு முக்கிய அடிப்படை. தகவல் எங்கிருந்தும் வரலாம். தைரியம் தெரிந்தவரிடமிருந்துதான் வரும்.

நம் ஊரில் இதற்கு நல்ல சாட்சி மகளிர் சுய உதவிக் குழுக்கள். வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் இந்த வேலை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது விரிந்த மாவட்டங்களில் ஒன்று அன்றைய தென்னாற்காடு, அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் சேர்ந்த பகுதி. பிறகு 1997-98இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது.

ஒரே நாளில் எல்லா மாவட்டத்திலும் ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்க. குழு என்றால் 12 முதல் 20 பெண்கள். வாராவாரம் உட்கார வேண்டும், சேமிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், ஒருவரை ஒருவர் நம்பிக் கடன் கொடுக்க வேண்டும். இது துண்டறிக்கை படித்து வரும் பழக்கமா? ஒரு ஊக்குநர் எப்படிக் கூட்டம் நடத்துகிறார் என்று பக்கத்துத் தெருப் பெண்கள் பார்த்தார்கள். "அக்கா, நெஜமாவே பேங்க்ல நம்மள உக்கார வச்சுப் பேசுறாங்களா?" என்று கேட்டார்கள். "வா, நாளைக்கு என்கூட வந்து பாரு" என்று ஒருவர் கூட்டிப்போனார். அடுத்த குழு அங்கே பிறந்தது. மாற்றம் காற்றில் வரும் சளி மாதிரி ஒரே தொடுதலில் ஒட்டிக்கொள்வதில்லை. நெருங்கிய இரண்டு மூன்று பேர் செய்து பார்த்த பிறகுதான் நான்காமவர் நகர்கிறார்.

மீன்முள் வாய்க்காலும் இப்படித்தான் பரவியது. பிச்சாவரத்தில் நேரில் பார்த்த பிறகு முத்துப்பேட்டைக்கும், ஆந்திராவின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களுக்கும், ஒடிசாவுக்கும் அந்த முறை போனது.

நம்பிக்கை ஒரு சேமிப்பு

2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் அன்று 600க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு என்று சொல்லும்போதே இன்றும் இந்த மாவட்டத்தில் பேச்சு நின்றுவிடும். அன்று இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் கிடையாது. ஐதராபாத்தில் அது வந்தது 2007இல்.

அதே காலை, கடலூருக்குச் சற்று வடக்கே புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவர் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அங்கே செய்தி அறிந்ததும் வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் ஒரு தகவல் மையம் இருந்தது, ஒலிபெருக்கியும் இருந்தது. மையத்தின் கதவை உடைத்து, மைக்கைப் பிடித்து, எல்லோரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். சுமார் 3,500 பேர் வாழும் ஊர். படகுகளும் வீடுகளும் போயின. உயிர்கள் பிழைத்தன.

ஒரு போன் காப்பாற்றியது என்று சொல்லலாம். ஒரு மைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். ஆனால் மைக்கில் யாரோ கத்தியதும் ஒரு ஊரே ஏன் நம்பி ஓடியது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இலிருந்து புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தொடங்கிய தகவல் மையங்களில் ஒன்று அது. அலை எவ்வளவு உயரம், என்ன விலை, எந்த அரசுத் திட்டம் என்று அன்றாடத் தகவல்களைத் தருவதுதான் அந்த மையங்களின் வேலை. அந்தக் குரல் சொன்னது சரியாக இருந்ததை மக்கள் பல காலமாகப் பார்த்திருந்தார்கள். உண்டியலில் சேர்வது மாதிரி நம்பிக்கை சேர்ந்திருந்தது. தேவைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் மொத்தமும் செலவானது.

அமைப்புச் சிந்தனையில் இதற்கு இருப்பு என்று பெயர். ஏரித் தண்ணீர் மாதிரி மெல்லத்தான் நிறையும். ஆபத்து வந்த பிறகு நிரப்ப ஆரம்பித்தால் நிறையாது. ஒரு இ-சேவை மையத்தில் ஒரு பாட்டியை மூன்று முறை வீணாக அலையவிட்டால், அன்று குறைவது அந்தப் பாட்டியின் பொறுமை மட்டும் இல்லை. அடுத்த புயலில் "முகாமுக்கு வாங்க" என்று நாம் கூப்பிடும்போது அவர் தெரு வருமா வராதா என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

பிச்சாவரத்துக்கும் அன்று ஒரு சோதனை நடந்தது. 2005இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று கடலூர் மாவட்டக் கடற்கரையைப் பற்றியது. அலையாத்திக்கு முன்னால் கடலோரம் இருந்த இரண்டு ஊர்கள் முழுதாக அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்களுக்கு அழிவில்லை என்று அது பதிவு செய்தது. மரம் மட்டுமா காரணம், கடலிலிருந்து இருந்த தூரமும் மேடும் காரணமா என்று விஞ்ஞானிகள் பின்னர் விவாதித்தார்கள். அந்த விவாதம் நல்லதுதான். ஆனால் பின்னால் வாழ்ந்த மக்களின் கண்ணில் காட்டுக்கு மதிப்பு கூடியது. வாய்க்கால் வெட்டியபோது அது யாரோ கொண்டுவந்த திட்டம், அலைக்குப் பிறகு அது எங்க காடு.

தாமதத்தைத் தாங்குவது

சுழல் திரும்பினாலும் பலன் உடனே தெரியாது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். பட்டியல் சமூகப் பிள்ளைகள் வகுப்பறைக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்த காலம். அந்த ஆண்டில் போய்க் கணக்கெடுத்தால் என்ன தெரிந்திருக்கும்? கொஞ்சம் பிள்ளைகள், கொஞ்சம் செலவு, நிறைய எதிர்ப்பு. அந்தப் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், தங்கள் ஊரிலிருந்து அடுத்த பிள்ளையைக் கூட்டிவந்து சேர்க்க ஒரு தலைமுறை ஆகும். 1959இல் அவர் மறைந்தார். நந்தனார் பெயரில் பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடக்கின்றன.

இந்தத் தாமதம்தான் திட்டங்களுக்கு எமன். விதை போட்டு மறுநாளே தோண்டிப் பார்த்தால் முளைக்குமா? ஆறு மாதத்தில் பலன் இல்லை என்று ஒன்றைக் கைவிட்டு இன்னொன்றைத் தொடங்கினால், எந்தச் சுழலும் திரும்பும் அளவுக்கு ஓடியிருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நல்ல சுழலைத் தடுத்து நிறுத்தும் சுழல்களும் உண்டு. மீன்முள் வாய்க்காலில் வண்டல் படியும். தூர்வாராமல் விட்டால் பழைய உப்புக் குழி திரும்பி வரும். மகளிர் குழுவில் கூட்டமும் சேமிப்பும் தேய்ந்து, கடன் மட்டும் மிஞ்சினால், அதே குழு பாரமாகிவிடும். எண்ணிக்கையே இலக்காகும்போதும் இதுதான் நடக்கும். எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணுவது சுலபம். மூன்று வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவதுதான் உண்மையான கணக்கு. எத்தனை மனு முடித்தோம் என்பது ஒரு கணக்கு. மனு கொடுத்தவர் வீட்டில் என்ன மாறியது என்பது வேறு கணக்கு. முதல் கணக்கை மட்டும் கேட்டால், அமைப்பு முதல் கணக்கை மட்டும்தான் தரும்.

நீங்கள் எங்கே கை வைக்கலாம்?

2025 ஜூலை 15 அன்று உங்களுடன் ஸ்டாலின் முகாம்கள் தொடங்கப்பட்டது சிதம்பரத்தில்தான். தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், என்ன சேவை, என்ன ஆவணம் என்று சொல்லிப் படிவம் கொடுத்தார்கள். முகாம் என்பது ஒரு நாள். அந்த நாளைச் சுழலாக மாற்றுவது யார்? அதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் செய்ய முடியும், அதாவது நீங்கள். உங்கள் ஊரில் ஏதாவது ஒன்று மாறாமலே இருக்கிறது என்றால், இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

ஒன்று: இங்கே எந்தச் சுழல் ஓடுகிறது? "அவங்களுக்கு அக்கறை இல்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டாம். எது எதைத் தள்ளுகிறது என்று ஒரு காகிதத்தில் வட்டமாக எழுதுங்கள்.

இரண்டு: அதில் தண்ணீர் அடைபட்ட இடம் எது? பெரும்பாலும் அது சின்னதாக இருக்கும். ஒரு ஆவணம், ஒரு பஸ் நேரம், படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு ஆள்.

மூன்று: முதல் குடும்பம் யார்? அவர்களோடு ஒருவர் கூடவே போக வேண்டும். பழங்குடிச் சான்றிதழ் என்றால் இ-சேவை மையத்தில் பதிவு செய்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்து, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அலுவலக விசாரணை நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப்போங்கள். தாமதமானால் முதல்வரின் உதவி மைய எண் 1100இல் பதிவு செய்யலாம். புயல், வெள்ளம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. இவற்றை இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

நான்கு: பலன் திரும்பி வந்து யார் கண்ணில் படுகிறது? வேலை முடிந்தவர் அடுத்தவரிடம் சொல்ல வழி இருக்கிறதா? கிராம சபையில், குழுக் கூட்டத்தில், ரேஷன் கடை வரிசையில் "எனக்குக் கெடச்சிடுச்சு, இப்படித்தான் போனேன்" என்று ஒருவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்கு, நான் எழுதும் செய்திக்குறிப்பை விட வலிமை அதிகம்.

வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தரும சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. ஒரே விறகு இத்தனை காலம் எரியுமா? பசியாறியவர் சொல்லக் கேட்டவர் அரிசி கொண்டுவருகிறார், அந்த அரிசி அடுத்தவர் பசியாற்றுகிறது. அதனால்தான் அது அணையாத அடுப்பு.

உங்கள் தெருவில் இன்னும் முதல் சான்றிதழ் கிடைக்காத ஒரு வீடு இருக்கலாம். இந்த வாரம் ஒரு நாள் மாலை அங்கே போய், "வாங்க, நாளைக்குச் சேர்ந்து போகலாம்" என்று சொல்லுங்கள்.